ஈரம் சொல்லிக்கொண்டு போன கதை

அந்தக் காலத்தில் லாரிகளுக்குப் பேச்சு இருந்தது. ஈரத்துக்கும் இருந்தது. டிரைவர்கள் இரண்டோடும் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், மறுநாளே ராசியாகிவிடுவார்கள். அப்போதெல்லாம் ஈரம் புல்லில் கிடக்கும், கூரை ஓட்டில் கிடக்கும். எஞ்சின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அங்கமுத்து லாரி ஓட்டினான். லாரியின் பெயர் பச்சைக்கிளி. எடை போடும் கொட்டகையில் கொழுந்து மூட்டைகளை ஏற்றுவது, ஃபேக்டரியில் இறக்குவது, இதுதான் இருவருக்கும் பிழைப்பு. ஒரு பீடி பற்றவைத்தால் அது முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிற தூரம். போய் நின்றால் அடுத்த நடைக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

மார்கழியில் ஒரு காலை, புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. ஈரம் நடுங்கிக்கொண்டே பச்சைக்கிளியின் முன்னால் வந்து நின்றது.

"அக்கா, வெளியில இருக்க முடியலக்கா. உள்ள கொஞ்சம் உட்கார்ந்துக்கட்டுமா? உடம்பு சூடானதும் நானே எந்திரிச்சுப் போயிடறேன்."

பச்சைக்கிளிக்கு இளகிய மனசு. "வா வா, இதையெல்லாமா கேட்பாங்க?" என்றது.

ஈரம் ஒன்றும் ஏமாற்றவில்லை. சூடாகியிருந்தால் சொன்னபடியே போயிருக்கும். ஆனால் எஞ்சின் கதகதப்பாகும்போதே ஃபேக்டரி வந்துவிடும். நிறுத்தினால் மறுபடி சில்லிட்டுப்போகும். அடுத்த நடையில் ஈரத்தின் தங்கச்சி ஏறிக்கொண்டது. அதற்கடுத்த நடையில் சித்தப்பா குடும்பம் மூட்டை முடிச்சோடு வந்தது. மாதம் முடிவதற்குள் மொத்தச் சொந்தமும் எஞ்சின் எண்ணெயில் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தது.

தை பிறந்தது. ஏழாம் தேதி அங்கமுத்துவுக்குக் கல்யாணம். பெண் ஊட்டிக்காரி, பெயர் மயிலாத்தா. அவளுடைய அப்பாவைச் சம்மதிக்க வைக்க அங்கமுத்து மூன்று வருஷம் செருப்புத் தேய நடந்திருந்தான். அந்த மனுஷன் கடைசியில் தலையாட்டும்போதுகூட, "பத்தரைக்குள்ள தாலி ஏறணும். முகூர்த்தம் தப்பினா கல்யாணப் பேச்சே கிடையாது" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

ஏழாம் தேதி விடிந்ததும் சொந்தபந்தமெல்லாம் லாரியின் பின்னால் ஏறியாயிற்று. மேளக்காரர்கள் ஏறியாயிற்று. அத்தை வீரம்மா தாலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்தாயிற்று. பச்சைக்கிளிதான் இருமியது, செருமியது, கிளம்பவில்லை.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கமுத்து எண்ணெய் மூடியைத் திறந்தான். மூடியின் உட்புறம் வெள்ளையாக, கெட்டியாக ஏதோ அப்பியிருந்தது.

"யாருடி இதுல தயிர் ஊத்தினது?"

"தயிர் இல்லண்ணே" என்றது பச்சைக்கிளி. "வீட்ல விருந்தாளிங்க இருக்காங்க, எண்ணெயில குளிச்சுக் குளிச்சு இப்படி ஆக்கிட்டாங்க. நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு சொல்லல."

"விருந்தாளியா? எல்லாத்தையும் எறங்கச் சொல்லு!"

உள்ளேயிருந்து ஈரம் அழமாட்டாத குறையாகச் சொன்னது: "எறங்கத்தாண்ணே பார்க்கறோம். சூடு இல்லாம எந்திரிக்க முடியல. ஒரு நாளாவது வண்டிய நிறுத்தாம தூரமா ஓட்டினீங்களா?"

அங்கமுத்துவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மேலேயிருந்து அத்தை கத்தினாள். "டேய் மாப்பிள்ளை! பஞ்சாயத்தைச் சாயங்காலம் வச்சுக்க. எல்லாரும் எறங்கித் தள்ளுங்க!"

பட்டுப்புடவையும் பவுன் சங்கிலியுமாக ஊரே தள்ளியது. சரிவில் உருண்டு, குலுங்கி, ஒருவழியாக எஞ்சின் பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஓடி ஏறினார்கள். அங்கமுத்து அதன்பின் எங்கும் நிறுத்தவில்லை. ஊட்டிக்குப் போகிற மேட்டில் பச்சைக்கிளி முக்கி முனகி ஏறியது. ஏற ஏற உடம்பு சூடானது. தங்கச்சி ஈரம் வெள்ளைப் புகையாகக் கிளம்பிப் போனது. சித்தப்பா குடும்பம் வரிசையாகப் போனது. இருமல் நின்று, பச்சைக்கிளி மேளத்துக்குத் தக்கபடி ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அங்கமுத்துவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

கடைசி வளைவில் முதலில் வந்த ஈரம் எழுந்தது. "அண்ணே, நல்லா சூடாயிருச்சு. நான் போறேன்."

அங்கமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாலி கட்டப் போகிற நாளில், தாலி இருக்கிற வண்டியில், 'போறேன்' என்று ஒரு வார்த்தையா!

"ஏய்! நல்ல நாளும் அதுவுமா போறேன்னா சொல்லுவ? போயிட்டு வர்றேன்னு சொல்லு!"

"அண்ணே, யோசிச்சுப் பேசுங்கண்ணே" என்று பதறியது பச்சைக்கிளி.

"நீ சும்மா இரு. ம், சொல்லு!"

ஈரத்துக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "நெசமாவா? நான் மறுபடி வரலாமா?"

"வராம? அண்ணேன்னு கூப்பிட்டுட்ட இல்ல?"

"போயிட்டு வர்றேண்ணே! போயிட்டு வர்றேங்க்கா!" என்று கூவிக்கொண்டே ஈரம் புகையோடு துள்ளிப் பறந்தது. ஒன்பதே முக்காலுக்கு, நகக்கண்ணில் எஞ்சின் எண்ணெய் கறுத்திருந்த விரல்களால், அங்கமுத்து மயிலாத்தாவுக்குத் தாலி கட்டினான். மாமனார்கூடச் சிரித்துவிட்டார்.

ஈரம் வாக்குத் தவறவில்லை. தோட்டத்துக்குத் திரும்பி எஞ்சினை எழுப்பிய முதல் காலையிலேயே, எரிகிற டீசலின் ஆவியோடு ஆவியாக வந்து உள்ளே உட்கார்ந்துகொண்டது. அங்கமுத்து தலையில் கைவைத்துக்கொண்டான். விஷயத்தைக் கேட்ட மயிலாத்தாவுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

"வரச் சொன்னது நீங்க. வழியனுப்பறதும் நீங்கதான். வாரம் ஒருக்கா மேட்டுல ஏத்தி, எங்கம்மா வீடு வரைக்கும் நிறுத்தாம ஓட்டுங்க. அது பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிரும்."

அன்று முதல்தான், குளிர்நாளில் கிட்டத்திலேயே ஓடி ஓடி நிற்கும் லாரிக்குள் ஈரம் தங்கிவிடுகிறது, நெடுந்தூரம் ஓட்டினால் கிளம்பிப்போகிறது, மறுநாள் காலை திரும்பி வருகிறது. மலை டிரைவர்கள் வாரம் ஒரு தடவை வண்டியைத் தொலைவுக்கு ஓட்டிப்போவதும் அன்று முதல்தான். எஞ்சின் சூடாகத்தான் போகிறோம் என்பார்கள், மாமியார் வீட்டு வாசலில் லாரியை நிறுத்திவிட்டு.