சண்டமாருதத்துக்கு முன் துரும்பன்

மருதங்கோட்டை அரசவையில் சாமர்த்தியசாலி என்று பெயர் எடுத்தவன் நான். அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அன்றைக்கு வியர்வைதான் வந்தது.

என் பெயர் சாத்தையன். எங்கள் வம்சத்தில் முதன்முதலாக எழுத்தாணி பிடித்தவன். மக்கள் கொண்டுவரும் முறையீட்டு ஓலைகளை அரசர் முன் உரக்க வாசிப்பது என் வேலை. ஊரார் குறையைக் கணீரென்று வாசிப்பேன். சொந்தக் குறையை மட்டும் வாய்விட்டுச் சொல்ல வராது.

அப்போது என் குறை நான்கு காலோடு வாசலில் படுத்திருந்தது. துரும்பன், என் நாய். அதற்குச் சொறி. காதோரத்தில் தொடங்கி முதுகெல்லாம் மயிர் கொட்டிவிட்டது. சொறிந்த இடமெல்லாம் ரத்தம். சோற்றை வைத்தால், சொறிவதை நிறுத்தி அதைத் தின்னக்கூட அதற்கு நேரமில்லை.

படித்தவன் அல்லவா, நானே வைத்தியம் பார்த்தேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். அத்தனையையும் நக்கி என் வேட்டியில் கக்கியது. புங்கெண்ணெய் தடவினேன். நேரே போய்ப் புழுதியில் புரண்டு எள்ளுருண்டை மாதிரி திரும்பி வந்தது.

"படிச்ச புள்ள வைத்தியம் பாத்து, இருந்த மயிரும் போச்சு" என்றாள் எதிர்வீட்டு மாரக்கா. "அடுத்த சந்தைக்குள்ள குணமாகலன்னா ஆத்துக்கு அக்கரையில விட்டுருவோம் தம்பி. எங்க நாய்ங்களுக்கும் ஒட்டிக்கும்ல?"

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அக்கரையில் சிறுத்தை உண்டு.

ஊரில் சொறியைக் குணமாக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அரண்மனை விலங்கு வைத்தியர் அகோரலிங்கம். அவருடைய கந்தகத் தைலம் பேர்போனது. என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கு என் வீட்டைக் கதவோடு பெயர்த்துக் கொடுத்தாலும் பாக்கி நிற்கும்.

"அவ்வளவுக்கு வழியில்லை ஐயா."

"அப்படியென்றால் பூனை வளர்த்திருக்கலாமே தம்பி" என்றார்.

மறுநாள் அவையில் ஒரே பரபரப்பு. அரசர் வீரகேதுவின் வேட்டைநாய் சண்டமாருதம் காட்டிலிருந்து சொறியோடு திரும்பியிருந்தது. அரியணைக்குப் பக்கத்தில், பட்டு மெத்தையில் உட்கார்ந்து கௌரவமாகச் சொறிந்துகொண்டிருந்தது.

"தைலத்தைத் தடவும் வைத்தியரே" என்றார் அரசர். "இது நாய் அல்ல, என் பிள்ளை."

அகோரலிங்கம் குப்பியைத் திறந்தார். கந்தக நெடி மூக்கில் ஏறியது. அதோடு ஒரு யோசனையும் ஏறியது.

எங்கள் கோட்டையில் ஒரு வழக்கம் உண்டு. அரசரின் பாட்டனாருக்குப் பகைவர்கள் சந்தனத்தில் விஷம் கலந்து அனுப்பிய நாளிலிருந்து, அரண்மனை உடம்பு எதிலும் சோதிக்காமல் எதுவும் படக்கூடாது. கஞ்சியை ஒருவர் குடித்துப் பார்ப்பார். சந்தனத்தை ஒருவர் பூசிப் பார்ப்பார். புதுச் செருப்பை மாட்டி நடந்து பார்க்கக்கூட ஓர் ஆள் சம்பளத்துக்கு இருக்கிறார்.

"மகாராஜா!" என்றேன். குரல் எலி மாதிரி வந்தது.

"என்ன ஓலை, சாத்தையா?"

"ஓலை இல்லை மகாராஜா. பயம். சோதிக்காத தைலம் உங்கள் பிள்ளை மேல் படலாமா?"

வைத்தியருக்கு மீசை துடித்தது. "என் தைலத்தில் விஷமா?"

"உங்களைச் சொல்வேனா ஐயா? உங்களுக்குக் கந்தகம் விற்றவரைத்தான் எனக்குத் தெரியாது."

அரசர் தாடியைத் தடவினார். "வாஸ்தவம். யாராவது ஒரு சேவகனுக்குத் தடவிப் பாருங்கள்."

சேவகர்கள் எல்லாரும் தூண்களுக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

"சொறி இல்லாத உடம்பில் தடவி என்ன தெரியும் மகாராஜா? சொறிக்குச் சொறிதான் சாட்சி."

"சொறி நாய்க்கு எங்கே போவது?"

அவை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. துரும்பன் புகழ் அரண்மனைவரை பரவியிருந்தது எனக்குத் தெரியாது.

"என்னிடம் ஒன்று இருக்கிறது" என்றேன்.

"ஒரு விரல் தொட்டு வைத்தால் போதும்" என்றார் வைத்தியர்.

"செருப்பை ஒரு விரலில் மாட்டி நடந்து பார்ப்பதுண்டா ஐயா?"

"முழுக்கத் தடவும்" என்றார் அரசர். "குணமாகும்வரை தினமும் முதலில் துரும்பன், பிறகு சண்டமாருதம்."

எனக்கு மூச்சு வந்தது. அகோரலிங்கம் அதை நீடிக்க விடவில்லை.

"மகாராஜா, இன்றுமுதல் துரும்பனும் அரண்மனைச் சேவகத்தில் சேர்ந்தாயிற்று. அதன் மேல் படுவதையும் சோதிக்க வேண்டுமே! அதற்கு இன்னொரு சொறி. அதற்கு முன் இன்னொன்று. இவன் கணக்குப்படி போனால் தைலம் குப்பியை விட்டு வெளியே வராது."

அவை கொல்லென்று சிரித்தது. நான் பின்னிய வலையில் நானே மாட்டிக்கொண்டேன். உண்மையைத் தவிர கையில் வேறெதுவும் இல்லை.

மேல்துண்டை விலக்கிக் கையை நீட்டினேன். மணிக்கட்டிலிருந்து தோள்வரை சிவப்புத் தடிப்பு. துரும்பன் அன்பாகக் கொடுத்தது. காலையிலிருந்து அதைச் சொறியாமல் நின்றதுதான் அன்று நான் காட்டிய உண்மையான சாமர்த்தியம்.

"முதலில் எனக்குத் தடவுங்கள் ஐயா. எனக்கு முன்னால் ஆள் வேண்டாம். ஓலை வாசிப்பவனைக் கொல்ல எந்தப் பகைவன் விஷத்தை வீணாக்குவான்?"

அரசர் சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே அரியணையோடு சற்றுப் பின்னால் நகர்ந்தார்.

"உண்மையைச் சொல். இத்தனையும் என் பிள்ளைக்காகவா, உன் நாய்க்காகவா?"

"என் நாய்க்காகத்தான் மகாராஜா. ஆனால் உங்கள் பிள்ளைக்கும் நல்லதுதான்."

"வைத்தியரே, மூவருக்கும் தடவும். செலவு அரண்மனையுடையது. இவன் ஓலையை மட்டும் குணமாகும்வரை வாசலில் நின்று வாசிக்கட்டும்."

அப்புறம் தினமும் காலையில் வைத்தியர் வீட்டு முன் வரிசையாக நின்றோம். முதலில் நான், அடுத்து துரும்பன், கடைசியில் சண்டமாருதம். துரும்பனுக்குப் புதுமயிர் பளபளவென்று முளைத்தது. சந்தை வந்தது, போனது. துரும்பனை அக்கரைக்குக் கொண்டுபோக யாரும் வரவில்லை.

என் அம்மாவுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்:

"எம்மவனுக்கு அரமனையில எம்மாம் பெரிய எடம் தெரியுமா? ராசா வூட்டு நாயே அவனுக்குப் பின்னாலதான் நிக்குது!"