நெடுவனும் கெண்டையனும் கையை விட்ட கதை

அந்தக் காலத்தில், காட்டில் மிருகங்கள் பேசியது போலவே மிருகங்களின் உடம்புக்குள் குடியிருந்தவர்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு முயலின் பின்னங்காலில் கெண்டையன் என்றொரு தசை இருந்தான். மாடாய் உழைப்பான், மூக்குக்கு மேல் கோபம். எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டான். "ஏமாந்தவனுக்கு ஊர் முழுக்கச் சொந்தக்காரன்" என்பது அவன் வாயில் எப்போதும் கிடக்கும் பேச்சு.

அவனுக்கு வேலை சொல்பவன் நெடுவன் என்கிற நரம்பு. முதுகுத்தண்டிலிருந்து கால்வரை ஒற்றை ஆளாக நீண்டு கிடப்பவன். மேலே மூளை ஒன்று சொன்னால் அது நரம்புக்கு நரம்பு மாறி நெடுவனிடம் வந்து சேரும். அந்த நாளில் எல்லா நரம்புகளும் கையோடு கை கோத்துதான் நின்றார்கள். நெடுவனும் கெண்டையனும் அப்படித்தான். மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அந்த மாதிரி. மேலேயிருந்து மின்னலாய் ஒன்று ஓடி வரும். பிடித்த கையில் சுளீரென்று இறங்கும். கெண்டையன் சுருங்குவான், முயல் உதைக்கும்.

கொஞ்ச நாளாகக் கெண்டையனுக்கு மனசு சரியில்லை. முயல் வயிறு நிறைய மேய்ந்துவிட்டுச் சாய்ந்து கிடக்கும். நாயும் இல்லை, நரியும் இல்லை. ஆனாலும் கையில் சுளீர். உதைப்பான். அசதியில் உடம்பு லேசாக நடுங்கும். நடுக்கம் அடங்குவதற்குள் மறுபடி சுளீர்.

"யோவ் நெடுவா, இப்ப எதுக்கு உதைக்கணும்?"

"எனக்கென்னண்ணே தெரியும்? வந்துச்சு, கொடுத்தேன்."

"யாரு கொடுத்தா? பேரைச் சொல்லு."

"கைக்கு வந்ததைக் கை மாத்துறவன் நான். பேரு கேட்டு வாங்குறதில்ல."

"எல்லாத் தரகனும் இதைத்தான்யா சொல்லுவான்!"

அன்றிலிருந்து கெண்டையன் நெடுவனை ஓரக்கண்ணாலேயே பார்த்தான். அவன் சும்மா கிடந்தால் என்ன திட்டம் போடுகிறானோ என்று தோன்றும். அவன் அசைந்தால் யாருக்குச் சைகை காட்டுகிறானோ என்று தோன்றும். மேலே தொடையில் இருக்கும் தசைக்காரனோடு இவனுக்குக் கூட்டு இருக்க வேண்டும். தொடைக்காரனுக்கு வருகிற வேலையையும் சேர்த்து நம் தலையில் கட்டுகிறான். விரலைப் பிடித்துப் பேசிய பேச்சுக்குச் சாட்சி ஏது?

அவர்கள் வாசலில் நறுக்கி என்கிற நொதி ஒருத்தி இருந்தாள். எது கையில் சிக்கினாலும் கண் சிமிட்டுவதற்குள் துண்டாக்கிவிடுவாள். அவள்தான் ஒருநாள் மெல்லச் சொன்னாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க நடுங்கின பிறகுதான் அந்தச் சுளீர் வருது. கவனிச்சீங்களா?"

"ஓ... நீயும் அவன் ஆளா?"

நறுக்கி தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஒரு மத்தியானம் அடுத்தடுத்துச் சுளீர் சுளீரென்று இறங்கியது. கெண்டையனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "உன் கையும் வேணாம், உன் சங்காத்தமும் வேணாம், போடா!" என்று கத்தி, வெடுக்கென்று கையைப் பிடுங்கிக்கொண்டான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சந்து விழுந்தது. மயிரிழையை ஆயிரமாய்க் கிழித்தால் வருமே, அவ்வளவுதான் அகலம். உடம்பு நீர் அதற்குள் ஓடி நிறைந்தது.

பிடுங்கிய வேகத்தில் கெண்டையன் நடுங்கினான். சுளீர் வரவில்லை. மறுபடி நடுங்கினான். அப்போதும் வரவில்லை.

"பாத்தியா! கையை எடுத்ததும் திருட்டு நின்னுடுச்சு!"

நெடுவன் யோசித்துக்கொண்டே சொன்னான்: "அண்ணே, முன்னெல்லாம் நீங்க நடுங்கினா என் கையில வந்து இடிக்கும். அது மேலே ஓடும். அது எங்கயோ முட்டித் திரும்பி வந்ததைத்தான், உத்தரவுன்னு நெனச்சு உங்களுக்கே கொடுத்திருக்கேன்."

கெண்டையனுக்குச் சுருக்கென்றது. என் நடுக்கமேதான் எனக்கு உத்தரவாக வந்ததா? ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "நல்லா விடுறியேடா கதை!"

அந்த நேரத்தில்தான் புதர் விலகியது. நரி.

நெடுவன் தலையிலிருந்து கால்வரை அதிர்ந்தான். "உதைங்கண்ணே! நரி!"

"இதுவரைக்கும் என்கிட்ட எத்தனை உதையைச் சும்மா உதைக்க வச்சிருக்க! இப்ப நரின்னு பேரு வேறயா?"

ஆனால் மற்ற மூன்று கால்களும் எழுந்துவிட்டன. இவன் கால் மட்டும் துணியாய்க் கிடந்தது. முயல் ஓட முடியாமல் ஒருபக்கமாய்ச் சுழன்று விழுந்தது. கெண்டையனுக்குப் புரிந்தது. இது மெய்யான நரி. முயல் போனால் தானும் இல்லை, நெடுவனும் இல்லை.

"அடேய், கொடுடா சுளீரை!"

"கொடுக்கிறேண்ணே! தண்ணியில விழுந்து அணைஞ்சு போவுதே!"

"கையில எது இருக்கோ அதை எறிடா!"

நெடுவன் தன் முனையில் கட்டி வைத்திருந்த காரப் பொட்டலங்களை அள்ளிச் சந்துக்குள் கொட்டினான். காரம் நீரில் கரைந்து போய்க் கெண்டையன் வீட்டுத் தாழ்ப்பாள்களில் ஒட்டியது. கதவுகள் படீரென்று திறக்க, உப்பு நீர் குபுகுபுவென்று உள்ளே பாய்ந்தது. கெண்டையன் சுருங்கினான். முயல் ஒரே தாவலாகத் தாவியது.

இன்னொரு தாவலுக்குக் காலை மடக்க வேண்டுமே! மடங்கவில்லை. காரம் தாழ்ப்பாளை விட்டு இறங்கவே இல்லை. கால் கட்டையாய் விறைத்து நின்றது. நரியின் மூச்சு வாலில் பட்டது.

"நறுக்கி! தாயீ! இதை எடு!"

"அவன் ஆளு வரலாமாண்ணே?"

"வாடி சீக்கிரம்!"

அவள் பாய்ந்து வந்து காரத்தைத் துண்டு துண்டாய் நறுக்கித் தள்ளினாள். கதவுகள் சாத்திக்கொண்டன, கால் தளர்ந்தது. நெடுவன் எறிய, கெண்டையன் சுருங்க, நறுக்கி வெட்ட, மறுபடி எறிய, முயல் தாவித் தாவி வளைக்குள் போய் விழுந்தது.

மூச்சு அடங்கியதும் நெடுவன் கையை நீட்டினான். "பழையபடி கோத்துக்கலாமாண்ணே?"

"வேண்டவே வேண்டாம். சந்து அப்படியே கெடக்கட்டும். நீ எறி, நான் வாங்கிக்கிறேன். என் நடுக்கம் உன்கிட்ட வராது. ஒரு பொட்டலத்துக்கு ஒரு வேலை. முடிஞ்சதும் இவ நறுக்கிடணும்."

"அப்போ நறுக்கின துண்டையாவது கொடுங்க. திரும்பப் பொட்டலம் கட்டணுமே."

"பாதி எடுத்துக்க."

"முழுசும் என் சரக்குண்ணே!"

"பாதின்னா பாதி." குரலைத் தாழ்த்திக் கெண்டையன் சொன்னான்: "நான் சந்தேகப்பட்டது தப்பில்லடா. ஆளைத்தான் தப்பாப் புடிச்சேன்."

சேதி மேலே பரவியது. நரம்புகளில் பெரும்பாலானோர் தங்களுக்குள்ளும் கையை விட்டுக்கொண்டார்கள். "ஒருத்தன் எறிஞ்சா நம்ப மாட்டேன், நாலு பேரு சேர்ந்து எறிஞ்சாத்தான் அடுத்தவனுக்குச் சொல்லுவேன்" என்று கறார் பேசினார்கள். நெஞ்சுக்குள் இருந்த இதயத் தசைகள் மட்டும் மறுத்துவிட்டன. "நாங்க ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்பட்டா, துடிக்கிறது யாரு?" என்று கேட்டு, இன்றும் அவை கோத்த கையோடுதான் துடிக்கின்றன.

அன்று முதல்தான், எவ்வளவு நெருங்கினாலும் நரம்பு தசையைத் தொடுவதில்லை. எட்ட நின்று பொட்டலம் எறிகிறது. எறிந்தது நறுக்கப்பட்ட பிறகுதான் அடுத்த உத்தரவு செல்லும்.