சிங்கக்குட்டிகளும் விளக்கெண்ணெயும்

கொடிமலை ராஜா பேசினால் ஊரே சொக்கிப்போகும். பேச்சு முடிந்ததும் புது வரி வரும். அந்தப் பேச்சு ஆளை எப்படி மயக்குகிறது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாள் செண்பகவல்லி வாத்தியாரம்மா. ராஜா காதுக்குப் போகாமல் இருக்குமா? ராணியோடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

“இப்போது நான் பேசுவேன். பிள்ளைகள் குற்றம் சொன்னால் ராஜத்துரோகம். சொல்லாவிட்டால் உன் பாடம் வீண். எப்படியும் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுத்தான்!”

செண்பகவல்லி திரும்பி, “பிள்ளைகளா, ஒரு வார்த்தை பேசக் கூடாது. வீட்டில் இருக்கிற மாதிரியே இருங்கள்,” என்றாள்.

ராஜா தொண்டையைச் செருமினார். “என் தங்கங்களே! சிங்கக்குட்டிகளே! உங்களைப் போலச் சமர்த்து உண்டா?”

அவ்வளவுதான். அத்தனை பிள்ளைகளும் இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்கள்.

“என்ன இது?”

“குற்றமே சொல்லவில்லையே, மகாராஜா!” என்றாள் செண்பகவல்லி. “வீட்டில் இவர்கள் அம்மா இப்படிக் கொஞ்சினால், முதுகுக்குப் பின்னால் விளக்கெண்ணெய்க் கிண்ணம் இருக்கும். அந்தப் பழக்கம்தான்.”

ராணி ராஜாவின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். வரிக்கு ஆடு பிடித்துப்போகக் கயிறும் கையுமாகச் சேவகர்கள்!

“அடடா, நம் இளவரசனுக்கு நானும் இப்படித்தானே புகட்டுகிறேன்!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ராஜாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“கயிற்றைச் சுருட்டுங்களடா. பள்ளிக்கூடம் நடக்கட்டும்.”

அன்றைக்கு விளக்கெண்ணெய்க்குத் தப்பியவர்கள், ஆடு வைத்திருந்த பெரியவர்கள்தான்.