கொட்டு அடிக்காத கண்மாய்க்கரை

முன்னொரு காலத்தில் சிவகங்கைச் சீமையை முத்துவிசயன் என்று ஒரு ராசா ஆண்டுவந்தார். நினைத்தால் ஊருக்கே விருந்து வைப்பார், நினைத்தால் ஊரையே விரட்டுவார்.

அந்தச் சீமையில் நாரைப்பட்டி என்று ஓர் ஊர். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் ஐப்பசியில் நாரைகள் வந்து கூடு கட்டும். குஞ்சு பறக்கும்வரை ஊரில் கொட்டுச் சத்தமே கிடையாது. கல்யாணமோ சாவோ, எல்லாம் வாய்ப்பேச்சோடு சரி. சத்தம் கேட்டால் தாய்ப்பறவை மிரண்டு, குஞ்சைப் போட்டுவிட்டுப் பறந்துவிடும்.

அங்கே வாக்கப்பட்டு வந்தவள் செம்பாயி. புருசன் எல்லைக் கோட்டைக்குக் காவலுக்குப் போனவன், பிறந்த பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை. பேச்சுத்துணைக்கு நாரைகள்தான். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கரையில் உட்கார்ந்து, "ஏ புள்ளே, உன் குஞ்சும் உன்னைத் தூங்கவிடலையா?" என்று ஒரு நாரையிடம் கேட்பாள். அது கழுத்தைத் திருப்பிப் பார்க்கும். அவளுக்கு அது போதும்.

ஒருநாள் ராசா யானை, சேனையோடு அந்த வழியாக வந்தார். ஊரே கும்பிட்டு நின்றது, கொட்டு மட்டும் இல்லை. கூட வந்த அதிகாரி வயிரவப்பனுக்கு, ராசா வேறு யாரை மெச்சினாலும் வயிறு எரியும். இந்த ஊரை ராசா மெச்சியது பலமுறை.

"பார்த்தீங்களா மகாராசா? கொக்குக்குக் கிடைக்கிற மரியாதை நமக்கில்லை," என்றான்.

ராசாவுக்கு முகம் சிவந்தது. "அடி நம்ம முரசை. பறவை போனால் போகட்டும். மரத்தையும் வெட்டு."

செம்பாயி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். நாலு பேர் முன்னால் பேசிப் பழகாதவள். ஆனால் இன்றைக்கு வாயை மூடிக்கொண்டால் நாளைக்கு யாரோடு பேசுவது? தூங்குகிற பிள்ளையோடு முன்னால் வந்தாள்.

"நல்லா அடிக்கட்டும் மகாராசா. அதுக்கு முந்தி இவனைக் கையில வாங்கி ஆசீர்வாதம் பண்ணிருங்க."

ராசா வாங்கினார். எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் முழங்கையை வளைத்தார். பிள்ளை அவர் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. வயிரவப்பன் முரசுக்கோலை ஓங்கினான்.

"ஏய், சும்மா இருய்யா," என்றார் ராசா. "பிள்ளை தூங்குது."

"நீங்கதானே மகாராசா அடிக்கச் சொன்னீங்க?"

"மெதுவாப் பேசு."

செம்பாயி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "உங்க கையில ஒண்ணுதான் மகாராசா தூங்குது. அங்கே மரம் கொள்ளாமத் தூங்குது."

ராசா மரங்களைப் பார்த்தார். பிறகு சிரித்தார், அதுவும் சத்தமில்லாமல்.

"இந்த ஊரில் எனக்கும் கொட்டு வேண்டாம். இவன் அப்பன் எங்கே?"

"உங்க எல்லைக் கோட்டையில காவலுக்கு."

"வயிரவப்பா, நீ அங்கே காவலுக்குப் போ. அவனை வீட்டுக்கு அனுப்பு. அந்தப் பொட்டலில் நாரை கிடையாது. ஆசைதீரக் கொட்டடிச்சுக்கோ."

ஊர்ச்சனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

செம்பாயி பிள்ளையை வாங்கக் கை நீட்டினாள். ராசா கொடுக்கவில்லை.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும் தாயி," என்றார். "எங்க அரண்மனையில எந்நேரமும் முரசுதான். அந்தச் சத்தத்துக்கு முழிச்சு அழ அங்கே ஒரு பிள்ளை இல்லை."

பிள்ளை தானாகக் கண் விழிக்கிறவரைக்கும், முரசும் யானையும் சேனையும் கண்மாய்க்கரையில் மூச்சுக் காட்டாமல் நின்றன.