புதுத் தொட்டிக்குப் பால் காய்ச்சிய கண்டக்டர்

"எம் மீனுக்கு என்ன நோய்? அதை மட்டும் சொல்லு தாயி."

தணிகாசலம் மூச்சு வாங்கக் கேட்டார். கையில் தண்ணீர் கட்டிய பெரிய பிளாஸ்டிக் பை. உள்ளே நாலு தங்கமீன்.

செங்கமலம் நிமிரவில்லை. ஏரிக்கரையில் பன்னிரண்டு சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் வளர்க்கிறவள் அவள். வயது முப்பத்திரண்டு. தணிகாசலத்துக்கு அறுபத்தொன்று. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு வாங்கினவர். மீன் வளர்ப்பு கற்றுக்கொள்ள வேண்டுமென்று பத்து நாள் அவளிடம் வந்தார். அப்புறம் நாலு நாள் ஆளையே காணோம்.

வயசைப் பார்த்து அவள் அவரை ஐயா என்பாள். வித்தையைப் பார்த்து அவர் அவளை டீச்சரம்மா என்பார். இன்றைக்குப் பதற்றத்தில் தாயி ஆகிவிட்டது.

"வெள்ளைப் புள்ளி நோயா? துடுப்பு அழுகலா? வயிறு வீக்கமா? கடை கடையா ஏறிக் கேட்டேன். ஒருத்தன் நீல மருந்து குடுத்தான். ஒருத்தன் மஞ்ச மருந்து குடுத்தான். இன்னொருத்தன் உப்புப் போடுன்னான்."

"எதைப் போட்டீங்க?"

"மூணையும்."

"இப்ப தண்ணி என்ன நிறம்?"

"பச்சை."

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். மீனைப் பார்க்கவில்லை. பையின் வாயை அவிழ்த்து, தண்ணீரை முகர்ந்து பார்த்தாள்.

"மீனைப் பாரும்மா. இந்தக் குண்டு மீனைப் பாரு, பூசணின்னு பேரு. முதுகுத் துடுப்பே எழும்பலை. அடியில படுத்தே கிடக்கா."

"பார்க்கலாம். தொட்டி மாத்தினீங்களா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாலு நாளா நீங்க வரலையே."

தணிகாசலம் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

மீன்கள் அவருடையவை இல்லை. மனைவி வேதவல்லி ஆறு வருஷமாக வளர்த்தவை. பெண்ணின் பிரசவத்துக்குத் திருப்பூர் போனவள் வெள்ளிக்கிழமை திரும்புகிறாள். அவள் வருவதற்குள் சின்னத் தொட்டியை மாற்றிப் பெரிய தொட்டி வைத்து அசத்திவிட வேண்டும் என்று இவருக்கு ஆசை.

இன்றைக்குச் செவ்வாய்.

"போன் பண்ணினா முதல்ல பூசணி சாப்பிட்டாளான்னு கேப்பா. அப்புறந்தான் நான். வெள்ளிக்கிழமை வந்து வெறுந்தொட்டியைப் பார்த்தான்னா நான் எந்த மூஞ்சியோட நிப்பேன்?"

"எப்படி மாத்தினீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

"நான் ஒரு குறையும் வைக்கலம்மா. நல்ல நேரம் பார்த்தேன். தொட்டிக்கு மஞ்சள் குங்குமம் வச்சேன். எதிரிலேயே ஸ்டவ்வை வச்சுப் பால் காய்ச்சினேன். பொங்கிக் கிழக்கால வழிஞ்சுது."

"பாலைத் தொட்டியில ஊத்தினீங்களா?"

"சேச்சே. நான்தான் குடிச்சேன்."

"நல்லவேளை. பழைய தொட்டியில என்னென்ன இருந்துச்சு?"

"கூழாங்கல்லு. பில்டரு. அதுக்குள்ள ஒரு பஞ்சு. அதைப் பஞ்சுன்னு சொல்லவே வாய் கூசும், பழுப்பேறி வழவழன்னு. எல்லாத்தையும் குப்பை வண்டியில போட்டேன். புது வீட்டுக்குக் குடிபோறப்ப யாராவது பழைய துடைப்பத்தைத் தூக்கிட்டுப் போவாங்களா?"

செங்கமலம் சிரிக்க ஆரம்பித்தாள். கையிலிருந்த வலை கீழே விழுந்தது. அப்புறமும் சிரித்தாள்.

"சிரிக்காதே. வயசான மனுசன் வயித்தெரிச்சல்ல நிக்கிறேன்."

"நீங்க செஞ்சதுல பால் காய்ச்சினது ஒண்ணுதான் ஐயா சரி."

அவள் மீன் பையைக் கொண்டுபோய்க் கடைசித் தொட்டியில் மிதக்கவிட்டாள். கட்டினதிலேயே பழைய தொட்டி அது. சுவரெல்லாம் பாசி. தண்ணீர் டீத்தண்ணி நிறம்.

"இதுலயா விடப்போறே? சாக்கடை மாதிரி இருக்கே!"

"குனிஞ்சு வாசம் பிடிங்க."

குனிந்தார். மழை நின்ற பிறகு தோட்டத்தில் வருமே, அந்த மண் வாசம்.

"இப்ப உங்க பை."

மருந்து நெடி மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் இன்னொரு நெடி. டிப்போவில் கழிப்பறைப் பக்கம் போகையில் வரும் நெடி.

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மீன்களைப் பையிலிருந்து தொட்டிக்குள் மெல்ல விட்டாள். பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

தணிகாசலம் அங்கேயே குந்தினார். டீ வந்தது, ஆறியது. வெயில் ஏறியது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார், எழுந்திருக்கவில்லை.

உச்சிப்பொழுதுக்குப் பூசணியின் முதுகுத் துடுப்பு ஒரு தடவை அசைந்தது. படுத்தது. மறுபடி அசைந்தது. அப்புறம் குடை விரிக்கிற மாதிரி முழுசாக எழுந்து நின்றது.

"எழுந்துட்டா! டீச்சரம்மா, பூசணி எழுந்துட்டா!"

ஏரியில் மேய்ந்த கொக்கெல்லாம் பறந்தது.

"என்ன மருந்தும்மா போட்டே?"

"ஒண்ணும் போடலை."

"அப்ப என்ன நோய்?"

பதிலுக்கு அவள் தொட்டிக்குள் கைவிட்டு, மூலையிலிருந்து ஒரு பஞ்சை எடுத்தாள். பழுப்பாக, சொட்டச் சொட்ட. அந்தத் தண்ணீரோடேயே ஒரு பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தாள்.

"உங்க தொட்டியில இருக்கிற பச்சைத் தண்ணியை மொத்தமா இறைச்சிடுங்க. பிடிச்சு வச்ச தண்ணியா ஊத்துங்க. இதை உங்க பில்டர்ல வைங்க. மீன் இங்கயே இருக்கட்டும். நாளைக்கு வாங்க."

"நோய்க்குப் பேரு?"

"நாளைக்கு."

மறுநாள் அவர் வந்தபோது முகமெல்லாம் வெளிச்சம்.

"சொன்னபடி செஞ்சுட்டேன். தொட்டி பளிங்கு மாதிரி இருக்கு."

"பஞ்சு?"

"அதுவும் பளிங்குதான். மூணு தடவை அலசினேன். போகவே மாட்டேன்னுது. கடைசியில சோப்புப் பொடி போட்டு ஊறவச்சேன் பாரு, வெள்ளை வெளேர்னு ஆயிடுச்சு!"

செங்கமலம் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவரை உட்காரச் சொன்னாள்.

"ஐயா, உங்க டிப்போவுக்குப் புது வண்டி வந்தா என்ன செய்வீங்க?"

"மாலை போடுவோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்போம். ரூட்ல விடுவோம்."

"பழைய வண்டியோட டிரைவர், கண்டக்டர்?"

"அவங்களைத்தான் இதுல ஏத்துவோம். பின்னே வண்டி தானா ஓடுமா?"

"அவங்க காக்கிச் சட்டை அழுக்கா இருந்தா?"

"இருந்தா என்ன?"

"பழைய வண்டியோட சேர்த்து அவங்களையும் இரும்புக் கடைக்கு அனுப்பிடுவீங்களா?"

"நல்ல கதையா இருக்கே! சட்டை அழுக்குன்னா மனுசனையா..."



அவள் கையில் இன்னொரு பழுப்புப் பஞ்சு இருந்தது. அவர் அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அந்த வழவழப்பு?"

"உயிருங்க ஐயா. கண்ணுக்குத் தெரியாது. மீன் கழிக்கிற விஷத்தைத் தின்னே வாழறவங்க. உங்க வீட்டுப் பழைய தொட்டியில ஆறு வருஷமா அதான் வேலை அவங்களுக்கு."

"ஐயோ! அத்தனை பேரையும் குப்பை வண்டியில ஏத்திட்டேனே!"

"நேத்து நான் அனுப்பினவங்களுக்குச் சோப்பு வேற போட்டீங்க."

தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினார்.

"குடும்மா."

"முதல்ல தொட்டியை இறைச்சு வெறுந்தண்ணியில கழுவுங்க, சோப்பு வாசம் சுத்தமாப் போகணும். அப்புறம் இதை வைங்க. அப்படியே வைங்க."

"விரல்கூடப் படாது."

நோயின் பேரை அவர் கேட்கவில்லை.

திரும்புகையில் பஸ்ஸில் பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வண்டிக் கண்டக்டர் அவருக்கு டிப்போவில் பழகினவன்.

"என்னண்ணே, பச்சப் புள்ளையைப் பிடிச்ச மாதிரிப் பிடிச்சிருக்கீங்க?"

"டிரைவரை மேடு பள்ளம் பார்த்து ஓட்டச் சொல்லுப்பா. நிறையப் பேர் உக்காந்திருக்காங்க."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தான். வண்டியில் மொத்தம் மூணு பேர்.

வெள்ளிக்கிழமை காலையில் மீன்கள் வீடு வந்து சேர்ந்தன. மத்தியானம் வேதவல்லி வந்தாள். தோள் பையை இறக்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேரே தொட்டிக்குப் போனாள்.

தண்ணீர் அரிசி களைந்த நீர்போல லேசாகக் கலங்கியிருந்தது. நாலு மீனும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. பூசணி அவள் விரலுக்கு நேரே வந்து வாயைக் குவித்தாள்.

"அடி என் தங்கமே! உனக்கு இம்மாம் பெரிய வீடா?"

தணிகாசலம் கதவோரம் மூச்சுவிடாமல் நின்றார்.

வேதவல்லி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு மூலையைப் பார்த்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஆறு வருஷமா கை ஒழியலை, இத்தனை செஞ்சவரு இந்தப் பஞ்சை ஒரு தடவை கழுவியிருக்கக் கூடாதா?" முந்தானையை இழுத்துச் செருகினாள். "சோப்புப் பொடி எங்க வச்சீங்க?"

தணிகாசலத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்தார். முடியவில்லை. தரையிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வர வரச் சிரித்தார்.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

அவர் எழுந்தார். தொட்டிக்குள் நீண்ட அவள் கையை அலுங்காமல் பிடித்து வெளியே எடுத்தார். துண்டால் துடைத்துவிட்டார்.

"செருப்பை மாட்டு, வேதா."

"இப்பத்தானே வந்தேன். எங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு."