அடுத்த பந்தி

"ஊரை எப்படிம்மா அவசரப்படுத்துறது?" என்று கேட்டார் பூவராகன்.

அவர் ஏரிப் பாசனச் சங்கத் தலைவர். ஊர்க் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றிக்கொண்டு வந்தன. கரும்பை விட்டுக் கேழ்வரகுக்கு மாறினால் ஊர் பிழைக்கும். மூன்று வருஷமாகத் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்துவிட்டார்.

ஊர் மடத்தை நடத்தும் உமையாள் அவரைவிட இருபது வயது இளையவள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"யாரும் காது கொடுக்கலையா?"

"கொடுக்காம என்ன? நல்லாத் தலையாட்டுறாங்க. பக்கத்து வயக்காரன் மாறட்டும், மாறுறேங்குறாங்க."

"உங்க வயல்ல என்ன நிக்குது, ஐயா?"

"கரும்புதான். நான் ஒருத்தன் மாறி என்னம்மா ஆகப்போகுது?"

உமையாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னிக்கு குருபூஜை. முதல் பந்தியில உட்காருங்க."

"என் கேள்விக்குப் பதில்?"

"சாப்பிட்டுட்டு வாங்க."

அறுபது பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். இடமில்லாத அறுபது பேர் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். பாதிப் பேர் குழந்தைகள்.

சாம்பார், ரசம், மோர் எல்லாம் முடிந்தது. கை காய்ந்தது. ஒருவரும் எழவில்லை. பந்தியில் முதலில் எழுந்தால் மரியாதைக் குறைவு என்று ஆளாளுக்குப் பக்கத்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூவராகனுக்குக் கோபம் வந்துவிட்டது. தலைவர் ஆயிற்றே, சும்மா இருப்பாரா?

"சாப்பிட்டவங்க எழுந்திருங்கப்பா! பிள்ளைங்க பசியோட நிக்குதுல்ல?"

"ஆமாமா, எழுந்திருக்கணும்" என்றார்கள் எல்லோரும்.

ஒருவர் இன்னொரு அப்பளம் கேட்டார்.

பின்னால் நின்ற சிறுமியின் முழங்கால் பூவராகன் முதுகில் இடித்தது.

"கொஞ்சம் பொறு கண்ணு. இவங்கல்லாம் எழுந்திருக்கட்டும்."

அப்பளக் கூடையோடு வந்த உமையாள் அவர் முன்னால் நின்றாள். விரித்தபடியே கிடந்த அவருடைய காலி இலையைப் பார்த்தாள்.

பூவராகனும் பார்த்தார். வெட்கத்தில் அவர் காது சூடேறியது.

இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

பக்கத்து இலை மடிந்தது. அதற்குப் பக்கத்து இலையும் மடிந்தது.

அவர் கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்த பந்திக்கு இலை போட ஆரம்பித்திருந்தார்கள்.