ரெஜின் படத்துக்கு ஓரம்

குருவுக்கு முப்பத்து மூன்று வயது. சீடனுக்கு ஐம்பத்தேழு. சிரிக்க வேண்டாம், அந்தக் கடற்கரை ஊரில் அது அப்படித்தான் அமைந்தது.

குரு ஷைனி. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருந்தாள். கேட்டு வருபவர்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் திருத்தவும் சொல்லிக் கொடுத்தாள். ஊரே அவளை டீச்சர் என்றது.

சீடன் தொபியாஸ். முப்பத்தெட்டு வருஷம் கடலுக்குப் போனவர். பதினொரு மாதத்துக்கு முன் அவருடைய ஒரே மகன் ரெஜின் போன வள்ளம் திரும்பவில்லை. வள்ளமும் இல்லை, ஆளும் இல்லை, ஒரு துண்டுப் பலகைகூடக் கரைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு தொபியாஸ் தண்ணீரில் கால் வைக்கவில்லை.

'காணவில்லை' நோட்டீஸ் அடிக்க மகன் படத்தோடு ஸ்டூடியோவுக்கு வந்தவர், நோட்டீஸெல்லாம் ஒட்டி முடிந்த பிறகும் தினமும் வந்து உட்கார்ந்தார். பத்து நாள் பார்த்துவிட்டு ஷைனி மவுஸைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"சும்மா இருக்கதுக்கு இதையாவது பிடியுங்க மாமா."

பிடித்தார். ஆறு மாதத்தில் வேலை படிந்துவிட்டது.

அந்த ஊர்ப் படங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உயிரோடு இருப்பவர் என்றால் படத்தின் ஓரம் நறுக்கென்று நிற்க வேண்டும். இறந்தவர் என்றால் ஓரம் மெல்லக் கரைந்து, பின்னால் இருக்கும் மேகத்தோடு கலந்துவிட வேண்டும். இதற்கென்று கம்ப்யூட்டர் திரையில் ஃபெதர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதில் போடும் எண் ஏற ஏற ஓரம் அதிகம் கரையும். எழுத்துத் தெரியாதவர்கூட ஓரத்தைப் பார்த்தே ஆள் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

தொபியாஸ் முதல் மாதத்திலேயே இதில் வாங்கிக் கட்டிக்கொண்டார். வார்டு உறுப்பினரின் பிறந்தநாள் பேனரில், பார்க்க அழகாக இருக்கட்டுமே என்று ஓரத்தை முப்பதுக்குக் கரைத்துவிட்டார். மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஓய், கேக் வெட்டுகதுக்கு முன்னால என்னைக் கொன்னு போட்டீரே!"

கடையே சிரித்தது. தொபியாஸும் அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தார்.

இதெல்லாம் பழைய கதை. இன்றைக்குக் கல்லறைத் திருநாள். அவரவர் வீட்டுக் கல்லறையில் பூவும் மெழுகுதிரியும் படமும் வைப்பார்கள். கடல் கொண்டுபோய் உடல் கிடைக்காதவர்களுக்குக் கல்லறை ஏது? அவர்கள் படங்களைக் கல்லறைத் தோட்டத்து மதிலில் வரிசையாக மாட்டுவது வழக்கம்.

காலையிலேயே தொபியாஸின் மனைவி பெர்பெத்தம்மாள் அவரிடம் சொல்லிவிட்டாள்.

"எனக்க பிள்ளைக்கும் ஒரு திரி கொளுத்தணும். நாலு மணிக்கு ஜெபம். படத்தைச் செய்து கொண்டு வாரும்."

"அவன் வந்து நின்னா என்ன சொல்லுவ?"

"வரட்டும். வந்தா நானே கிழிச்சுப் போடுதேன்."

அவளுக்கு அழுவதற்கு ஓர் இடம் வேண்டும். தொபியாஸுக்கோ, ஓரம் கரைந்த படம் அந்த மதிலில் ஏறினால் எல்லாம் முடிந்தது. மகன் செத்தான் என்று பெற்றவனே கையெழுத்துப் போட்ட மாதிரி.

ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ரெஜினின் படங்களெல்லாம் ரெஜினின் போனில் இருந்தன. போன் அவனோடு போயிற்று. வீட்டில் இருந்தது ஒன்பது வயதில் கோவிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கியபோது எடுத்த படம். அதைவிட்டால் மீனவர் அட்டைக்கு எடுத்த இந்த ஒன்றுதான். அதையும் முகத்தை ஒட்டி வெட்டியிருந்தார்கள். காதுக்கு அந்தப் பக்கம் ஒரு நூல் இடம் கிடையாது.

ஃபெதரில் பத்து போட்டார். கத்தரித்து ஒட்டியது போலிருந்தது. நாற்பது போட்டார். காது போயிற்று, முன்முடி பாதி போயிற்று. பழையபடி ஆக்கினார். மறுபடி போட்டார். மத்தியானம் சோறு வந்தது, மூடி வைத்தபடியே இருந்தது.

"நாசமாப் போற பெட்டி!" என்று மேசையைக் குத்தினார்.

ஷைனி தன் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"எத்தனை போட்டா இது செத்தவன் படம் ஆகும்?"

ஷைனி நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு போடுங்க."

போட்டார்.

"இது செத்தவன் படமா?"

"இல்ல."

"ரெண்டு."

"இல்ல."

"அஞ்சு."

"இல்ல."

ஒவ்வொன்றாக ஏறினார்கள். இருபத்திரண்டில் தொபியாஸின் கை நின்றது.

"இப்ப?"

"தெரியல்ல டீச்சர். காது போவுது."

"சரி, பதினெட்டுக்கு வாங்க."

வந்தார்.

"இப்ப உயிரோட இருக்கானா?"

தொபியாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு வழி பார்த்தார்.

"காதைத் தொடாம, வெளியே கொஞ்சம் இடம் ஒட்டி அதைக் கரைக்கப்படாதா?"

"வெளியே அவன் இல்லியே மாமா. இருக்கதுல இருந்துதான் கரைக்க முடியும்."

"அப்ப எனக்கு ஓரமே வேண்டாம். நறுக்குனு நிக்கட்டும்."

ஷைனி அப்படியே அச்செடுத்தாள். அதே மதிலுக்கென்று வேறு மூன்று வீட்டாருக்குச் செய்த படங்கள் மேசையில் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் பக்கத்தில் ரெஜினை வைத்தாள்.

அந்த மூன்று பேரும் மேகத்துக்குள் அமைதியாக இருந்தார்கள். ரெஜின் மட்டும் யாரோ எங்கிருந்தோ பிய்த்துக்கொண்டு வந்து ஒட்டியதுபோல் நின்றான். பெற்றவனுக்கே பார்க்கப் பொறுக்கவில்லை. படத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"இதுவும் ஆகாது, அதுவும் ஆகாது. நான் என்ன செய்ய?" என்று வாய்விட்டு அழுதார். "எனக்கு எனக்க பிள்ள முழுசா வேணும் டீச்சர். ஒரு காதுகூடக் குறையப்படாது. இருக்கது இந்த ஒரு படமாக்கும்."

ஷைனி அவர் அழுது ஓயும்வரை இருந்தாள். பிறகு கையை நீட்டித் திரையை அணைத்தாள்.

"அந்தக் காது எப்படி இருக்கும்?"

"எனக்க அப்பனுக்க காதாக்கும். நல்ல பெரிசு."

"கீழ் மடல் கன்னத்தோட ஒட்டி இருக்குமா, தனியாத் தொங்குமா?"

தொபியாஸ் வாயைத் திறந்தார். காலையிலிருந்து அந்தக் காதுக்காகத்தான் சண்டை. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று மணலில் புரண்ட நாட்களில் அவரே பிடித்துத் திருகிய காதும் அதுதான். ஒட்டி இருக்கும் என்று சொல்லப் போனார். தொங்கும் என்று தோன்றியது. இரண்டு விரலைச் சேர்த்துத் திருகுவது போல் வைத்துப் பார்த்தார். விரலுக்கும் ஞாபகம் இல்லை.

"பதினொரு மாசந்தானே டீச்சர் ஆச்சு?" என்றார். "நான் அவனுக்க அப்பனில்லியா?"

தெருவில் பெண்கள் பூக்கூடையும் மெழுகுதிரிக் கட்டுமாகப் போகத் தொடங்கியிருந்தார்கள். மணி மூன்றே முக்கால். ஷைனி திரையைப் போட்டாள். ரெஜின் இரண்டு காதோடும் வந்து நின்றான். தொபியாஸ் காதைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. மவுஸைப் பிடித்து ஃபெதர் பெட்டியைத் திறந்தார். எண் போடும் இடத்தில் கோடு மினுங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை போடட்டும் டீச்சர்?"

"இதுவரைக்கும் உங்க ஞாபகத்துல இருந்து எத்தனை போச்சோ, அத்தனை."